முன்வரிசை முழங்கால்

அந்தக் கோயிலின் வரலாறு என்றாவது எழுதப்படுமானால் ஆயர்களின் பெயர்கள் முதலில் வரும். கோபுரத்துக்கு மணி கொடுத்தவர், மணிக்குக் கயிறு கொடுத்தவர், கயிறு அறுந்தபோது ஆலோசனை மட்டும் கொடுத்தவர் ஆகியோர் அடுத்த பக்கங்களில் இடம்பிடிப்பார்கள். பதினேழு வருடமாக நானூறு பேரை ஞாயிறுதோறும் எழுப்பி, உட்காரவைத்து, மண்டியிடச் செய்து, மறுபடி எழுப்பிய மனிதரைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது. அவர் குருவானவர் இல்லை, உபதேசியாரும் இல்லை, பாடகர் குழுவில் சும்மா வாயசைப்பவராகக்கூட இருந்ததில்லை. வீடுகளுக்குத் தரை டைல்ஸ் ஒட்டுகிறவர்.

வேலையிடத்தில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். மற்றவர்கள் பேனா செருகுகிற பையில் அவர் ஒரு சாண் நீள ரசமட்டம் செருகியிருப்பார். கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழி நடுவில் நின்றால் பரப்பு சமமாக இருக்கிறது என்று பொருள். நிற்காவிட்டால் யாருக்கோ திட்டு இருக்கிறது என்று பொருள். சொந்தக்காரர் வீட்டு மேஜை, வங்கியின் கவுண்டர், பஸ் நிலைய பெஞ்சு என்று எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. கல்யாணப் பேச்சுக்குப் பெண் வீட்டுக்குப் போனபோதும் தேநீர் வைத்த ஸ்டூலில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார் என்றும், ஸ்டூல் ஒரு பக்கம் சாய்வு என்று அவர் சொன்னதற்கு உள்ளேயிருந்து, "உக்கார்றவங்க நேரா உக்காந்தா சாயாது" என்று பதில் வந்தது என்றும், அந்தப் பதில்தான் பின்னாளில் அவருடைய மனைவி ஆயிற்று என்றும் அந்தக் குடும்பத்தில் சொல்கிறார்கள்.

அவர் கோயிலில் தலைமைப் பதவிக்கு வந்த கதை எளிமையானது. அந்தப் பகுதிக்குக் குடிவந்த முதல் ஞாயிறு தாமதமாகப் போனார். முதல் வரிசை மட்டும் காலியாக இருந்தது. எல்லாக் கோயிலிலும் முதல் வரிசை காலியாகத்தான் இருக்கும். அதற்குத் தாழ்ச்சிதான் காரணம் என்று விசுவாசிகள் சொல்லிக்கொள்வார்கள். உண்மை தச்சு வேலையில் இருக்கிறது. ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும், பின்னால் இருப்பவர் மண்டியிட ஒரு மெத்தைப் பலகை பொருத்தியிருப்பார்கள். முதல் பெஞ்சுக்கு முன்னால் பெஞ்சு கிடையாது. ஆகவே பலகையும் கிடையாது. அங்கே உட்காருகிறவர் வெறுந்தரையில்தான் மண்டியிட வேண்டும். நானூறு பேரின் தாழ்ச்சியை நாலு அங்குல மெத்தை தாங்கிக்கொண்டிருந்தது.

வெறுந்தரை ரசமட்டத்துக்குப் பழகின இடம். வாரத்தில் ஆறு நாள் அவர் வாழ்ந்ததே அங்கேதான். அடுத்த வாரமும் அங்கேயே உட்கார்ந்தார். அவர் மனைவி மட்டும் நாலாவது வரிசையை விட்டு நகரவில்லை. "உங்ககூட வாழறேன்னுதான் பீடத்துல சத்தியம் பண்ணினேன். வெறுந்தரையில மண்டி போடறேன்னு பண்ணல" என்றார்.

ரசமட்டத்துக்கு நேர் பின்னால், இரண்டாவது வரிசையில், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் உட்காருவார். ஊருக்கெல்லாம் எழுத்து தெரியவைத்த அவருக்கு, 'இப்போது நிற்கவும், இப்போது அமரவும்' என்று பொடி எழுத்தில் அச்சடித்த வழிபாட்டுத் தாளைப் படிக்கப் பொறுமை கிடையாது. முன்னால் இருக்கும் முதுகு எழுந்தால் எழுவார், அமர்ந்தால் அமர்வார். மூன்றாம் வரிசை அவரைப் பார்த்தது, நான்காம் வரிசை மூன்றாம் வரிசையைப் பார்த்தது. வாசலருகே நிற்பவர்கள்வரை செய்தி போய்ச்சேர மூன்று விநாடி ஆகும். தரை வேலையில் முதல் வரிசைக் கல் நேராக விழுந்துவிட்டால் மீதி அதைப் பார்த்துத் தானாகப் போகும் என்று ரசமட்டம் தன் ஆட்களிடம் சொல்வார். தானே அப்படியொரு கல்லாகிவிட்டது அவருக்கு மூன்று வருடம் தெரியாது.

ஒருநாள் பிரசங்கத்தின் நடுவே ரசமட்டம் பையிலிருந்து நழுவி பெஞ்சுக்கடியில் விழுந்தது. எடுக்க எழுந்தார். பின்னால் கடலலை மாதிரி ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் நானூறு பேர் நிற்கிறார்கள். அப்போதிருந்த வயதான குருவானவர் தம் பிரசங்கம் மக்கள் நெஞ்சில் தைத்துவிட்டது என்று நெகிழ்ந்து அத்துடன் முடித்துக்கொண்டார். அவர் இருந்த காலத்திலேயே சின்னப் பிரசங்கம் என்று அது இன்றும் நினைவுகூரப்படுகிறது. அன்றிலிருந்து ரசமட்டம் கோயிலில் சோம்பல் முறித்ததில்லை, முதுகு அரித்தாலும் சொறிந்ததில்லை. பதவி என்று வந்துவிட்டால் சில சுகங்களை விடத்தான் வேண்டும்.

அவருடைய பக்தி எப்படிப்பட்டது என்று இங்கே சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் அது இல்லை. பாட்டு வராது. நீண்ட செபங்கள் பாதியில் மறந்துபோகும். வாசகம் படிக்கும்போது பீடத்தின் இரண்டாவது படியில் அரை நூல் தூக்கி நிற்கும் கல்லையே பார்த்துக்கொண்டிருப்பார். அதை ஒட்டியவன் இந்நேரம் எந்த ஊரில் யார் வீட்டைக் கெடுத்துக்கொண்டிருக்கிறானோ என்று யோசிப்பார். ஆனால் குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்துக்கு முன்னால் மண்டியிடும் நேரம் வரும். முழங்கால் தரையைத் தொடும். அந்த நொடியில் படி மறந்துவிடும், கல் மறந்துவிடும், யார்மேலும் கோபம் இருக்காது. அதே தரையில் அதே முழங்காலை வைத்துத்தான் ஆறு நாள் சோறு தேடுகிறார். அப்போதெல்லாம் வராத ஏதோ ஒன்று இந்த ஐந்து நிமிடத்தில் வந்தது. அதற்கு அவரிடம் பெயர் இல்லை. மண்டி போட்டாச்சு, ஆண்டவருக்குத் தெரிஞ்சிருக்கும். அவ்வளவுதான்.

இந்நிலையில்தான் வலது முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது.

முதலில் படியிறங்கும்போது. பிறகு படியேறும்போது. கடைசியில் படியே இல்லாத இடத்திலும். சலவையகத்தில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போடும் மனைவி ஒருநாள் அவரை இழுத்துக்கொண்டு மருத்துவரிடம் போனார். "நீங்க மண்டி போட்டுச் சம்பாதிக்கிறீங்க, நான் நின்னுக்கிட்டுச் சம்பாதிக்கிறேன். உக்காந்து சம்பாதிக்க நம்ம வீட்ல ஆளில்ல. முட்டியைப் பத்திரமா வெச்சுக்கணும்" என்பது அவருடைய வாதம்.

மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "இங்க பாருங்க. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல இடைவெளி இருக்கணும். உங்களுக்கு இல்ல."

ரசமட்டத்துக்கு உடனே புரிந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இடம் விடாவிட்டால் ஒன்றையொன்று தள்ளித் தூக்கிக்கொள்ளும். "ஸ்பேசர் போயிடுச்சு" என்று முணுமுணுத்தார்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல டாக்டர். இப்ப என்ன செய்யணும்?"

"இனிமே மண்டி போடக்கூடாது. போட்டீங்கன்னா ஒருநாள் இல்ல ஒருநாள் அப்படியே மாட்டிக்கும். அப்புறம் ஆபரேஷன்தான்."

"ஞாயித்துக்கிழமை மட்டும்... அஞ்சு நிமிஷம்?"

"முட்டிக்குக் கிழமை தெரியாதுங்க."

வேலைக்கு ஒரு வழி கிடைத்தது. மனைவியின் தம்பி அவருடன் பத்து வருடமாக வேலை செய்தவன். தரையை அவன் எடுத்துக்கொண்டான், சுவரை ரசமட்டம் எடுத்துக்கொண்டார். குளியலறைச் சுவருக்கு நின்றபடியே ஒட்டலாம். கோயிலில் நின்றபடி ஒட்ட ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்னதில் ஞாயிற்றுக்கிழமைப் பகுதியை மட்டும் ரசமட்டம் தனக்குள் திருத்திக்கொண்டார். மனைவி கேட்டபோது, "அங்க மெதுவாதான் போடுவேன்" என்றார்.

அந்தச் சமயம் பார்த்துக் கோயிலுக்குப் புதிய குருவானவர் வந்து சேர்ந்தார். நாற்பது வயது. மெலிந்த உடம்பு, பெரிய படிப்பு. வழிபாட்டில் மனித உடலின் நிலைகள் என்பதைப் பற்றி அறுநூறு பக்கத்தில் ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர் என்று சொன்னார்கள். அறுநூறு பக்கத்தை எழுதினவரும் திருத்தினவரும் மட்டுமே படித்திருந்ததால் அவருக்குள் ஒரு தாகம் இருந்தது. வந்த மாதமே 'அடையாளங்களும் அர்த்தங்களும்' என்று நாலு வாரத் தொடரை ஆரம்பித்துவிட்டார்.

முதல் வாரம் சிலுவை அடையாளம். நெற்றியில் வைத்த கை மார்புக்கு வரும் முன்பே தோளுக்குத் தாவிவிடுகிறதே, ஈ ஓட்டுகிறீர்களா என்று கேட்டார். இரண்டாம் வாரம் எழுந்து நிற்பது: அது உயிர்ப்பின் அடையாளம். மூன்றாம் வாரம் கைகள்: குரு உள்ளங்கையை மேலே பார்த்து உயர்த்தினால் எல்லாருடைய உள்ளத்தையும் சேர்த்து ஆண்டவரிடம் உயர்த்துகிறார் என்று அர்த்தம். நாலாம் வாரம் மண்டியிடுவது. "ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்" என்று விரலை உயர்த்தினார். "முழந்தாளிடுவது வெறும் அடையாளம்தான். உள்ளே பொருள் இல்லாமல் வெளியே மடிகிற முழங்காலால் பயன் இல்லை."

வழக்கமாக இரண்டாவது படியிலேயே இருக்கும் ரசமட்டத்தின் கண் அன்று அவரை நிமிர்ந்து பார்த்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தேடினார். ஒரு வாக்கியம்கூட அகப்படவில்லை. பதினேழு வருடம் மண்டி போட்டது வெறும் முழங்கால்தானோ? அப்படியென்றால், அதுவும் போகப்போகிறதே, பிறகு தன் பங்குக்கு என்ன மிஞ்சும்?

அன்றே, அந்தப் பிரசங்கம் முடிந்து இருபது நிமிடத்துக்குள், அது நடந்தது.

தூயவர் பாடல் முடிந்ததும் ரசமட்டம் மண்டியிட்டார். பின்னால் நானூறு பேர் ஒரே தடதடப்பில் மண்டியிட்டார்கள். எழுந்தேற்றம் ஆயிற்று, மணி அடித்தது. பெரிய ஆமென் பாடியதும் எழ வேண்டும். அவர் எழப் போனார். வலது முழங்காலுக்குள் ஏதோ சொடுக்கியது. உடம்பு மேலே போகிறது, கால் வரமாட்டேன் என்கிறது. மீண்டும் முயன்றார். பூட்டின கதவை இழுப்பதுபோல் இருந்தது.

கடைக்காரர் முன்னால் இருந்த முதுகைப் பார்த்தார். அது மண்டியிட்டிருந்தது, அவரும் அப்படியே இருந்தார். மூன்றாம் வரிசை அவரைப் பார்த்தது. பாதி எழுந்துவிட்ட சிலர் சுற்றுமுற்றும் பார்த்து, தாங்கள்தான் தப்பு செய்துவிட்டதாக நினைத்து அவசரமாகத் திரும்ப மடங்கினார்கள்.

'எங்கள் தந்தையே' செபத்துக்கு நிற்பதுதான் முறை. பீடத்திலிருந்து பார்த்த குருவானவருக்கு நானூறு தலைகள் இடுப்பு உயரத்தில் தெரிந்தன. எழச் சொல்லி இரண்டு உள்ளங்கையையும் மேலே உயர்த்திக் காட்டினார். தொடரின் மூன்றாம் வாரப் பாடம் அப்போதுதான் மக்களுக்கு நினைவு வந்தது: ஃபாதர் நம் உள்ளங்களை உயர்த்துகிறார். இன்னும் உருக்கமாகத் தலைகுனிந்தார்கள். அவர் மறுபடி உயர்த்தினார். ஒரு பெண் அழ ஆரம்பித்தாள்.

செபம் மண்டியிட்டபடியே சொல்லப்பட்டது. சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் மக்கள் முழங்காலாலேயே நகர்ந்து பக்கத்து வரிசைக்காரர்களிடம் கை கொடுத்தார்கள். பல வருடம் பேசாமல் இருந்த ஒரு அண்ணனும் தம்பியும் நடுவழியில் முட்டிக்கொண்டு, விலக வழி தெரியாமல் கைகொடுத்துக்கொண்டார்கள். நற்கருணை வாங்க வரிசை முதல் பெஞ்சிலிருந்துதான் கிளம்பும். முதல் பெஞ்சு கிளம்பவில்லை. பாத்திரத்துடன் காத்து நின்ற குருவானவர் கடைசியில் தாமே இறங்கி வந்து ரசமட்டத்தின் நாக்கில் வைத்தார். பிறகு ஒவ்வொரு வரிசையாகப் போய் நானூறு பேருக்கும் கொடுத்தார். திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. இறுதி ஆசீர் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கோயிலில் ஒருவரும் அசையவில்லை.

நாலாவது வரிசையிலிருந்து ஒருவர் மட்டும் எழுந்து வந்தார். குனிந்து காதில் கேட்டார்.

"மாட்டிக்கிச்சா?"

"ம்."

"ரெண்டுமா?"

"வலதுதான். இடது அதுக்குத் துணைக்கு இருக்கு."

அவர் தம்பியை ஜாடை காட்டி அழைத்தார். ஆளுக்கொரு கக்கத்தில் கை கொடுத்தார்கள். "மூணு எண்ணுவேன். கல்லு தூக்கற மாதிரி நேராத் தூக்கு, சாய்ச்சுடாதடா" என்றார் மனைவி. மூன்றில் ரசமட்டம் எழுந்தார். நானூறு பேரும் எழுந்தார்கள்.

வெளியே வந்ததும் பேச்சு கிளம்பிவிட்டது. உள்ளே ஏதோ இறங்கியது என்றார்கள். "எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சுங்க" என்றார் கடைக்காரர். அது எங்கேயிருந்து வந்தது என்பதில் அவருக்கே சந்தேகம் இருந்தது. தொடையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் குருவானவர் பிஸ்கட் பொட்டலத்துடன் ரசமட்டத்தின் வீட்டுக்கு வந்தார். முன்னறையில் வேலைச் சாமான்கள் கிடந்தன. ஒரு பை நிறைய விரல் நகம் அளவில் வெள்ளை பிளாஸ்டிக் சிலுவைகள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் வைக்கிற ஸ்பேசர்கள். குருவானவர் ஒன்றைக் கையில் எடுத்தார்.

"இவ்வளவு சிலுவையா! தினமும் இதை வெச்சா வேலை செய்யறீங்க?"

"ஆமா ஃபாதர். நாலு கல்லு கூடற மூலையில ஒண்ணு. காய்ஞ்சதும் எடுத்துடுவோம்."

"எடுத்துடுவீங்க... ஆனா அதனாலதான் எல்லாம் நேரா நிக்குது!" குருவானவர் சட்டென்று குறிப்பேட்டை எடுத்து எழுதினார். "மறைந்திருக்கும் சிலுவை!"

"அது இடைவெளிக்கு, ஃபாதர்."

"ஆமாம், இடைவெளி! இறைவனுக்கும் மனிதனுக்கும்..." மேலும் எழுதினார். உள்ளேயிருந்து மனைவி இருமினார்.

குருவானவர் குறிப்பேட்டை மூடினார். "நாலு வாரம் பேசினேன். யாராவது கேக்கறாங்களான்னே தெரியாம பேசினேன். நீங்க கேட்டிருக்கீங்க. என்னோட எந்த வார்த்தை உங்களைத் தொட்டுச்சுன்னு நான் கேக்கப்போறதில்ல. அதை வர்ற ஞாயிறு எல்லார் முன்னாடியும் நீங்களே சொல்லணும். ரெண்டே நிமிஷம். சாட்சியமா."

ரசமட்டம் வாயைத் திறந்தார். எதிரில் இருந்த முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

குருவானவர் போனதும் மனைவி ஈரத்துணியைக் கொண்டுவந்து முழங்காலில் சுற்றினார். "உள்ளதைச் சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? அவரு முகத்தைப் பாத்தியா?"

"பாத்தேன். முட்டியையும் பாக்கறேன். பலாப்பழம் மாதிரி இருக்கு. இதோட அடுத்த வாரமும் மண்டி போட்டு, ஊரே சேர்ந்து உங்களைத் தூக்கணுமா? சேர்ல உக்காந்து கும்பிட்டா ஆண்டவர் வேண்டாம்னா சொல்லப்போறாரு?"

ரசமட்டம் ஈரத்துணியின் முனையை நிமிண்டினார். பிறகு சொன்னார். "உனக்குப் பாட்டு வரும். செபம் வரும். என்கிட்ட எதைக் குடுத்தாலும் நடுவுல மறந்துடும். நான் அங்க போய்ச் செய்யறது அந்த ஒண்ணுதான். அதையும் விட்டுட்டா, சும்மா பெஞ்சுல உக்காந்துட்டு வர்றதுக்கு நான் எதுக்குப் போகணும்? பஸ் ஸ்டாண்ட்லயும்தான் பெஞ்சு இருக்கு."

மனைவி ஈரத்துணியை அவிழ்த்தார். துணியைப் பிழிந்து இன்னொரு முறை சுற்றினார்.

ஞாயிறு வந்தது. கோயில் நிறைந்து வழிந்தது. அக்கம்பக்கத்துப் பங்குகளிலிருந்தும் ஆள் வந்திருந்தது. எழாத கோயில் என்று பெயர் பரவியிருந்தது. சிலர் முன்னெச்சரிக்கையாக வீட்டிலிருந்து தலையணை கொண்டுவந்திருந்தார்கள். பூசைக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ரசமட்டம் காலைச் சாய்த்துச் சாய்த்துப் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் உடை அறைக்குள் போனார். குருவானவர் திருவுடையைத் தலைவழியாகப் போட்டுக்கொண்டிருந்தார். முகம் உள்ளேயே இருந்தது. முகம் தெரியாத அந்த நேரம்தான் வசதி என்று ரசமட்டம் முடிவு செய்தார்.

"ஃபாதர், போன வாரம் நான் எழாதது பக்தியில இல்ல. முட்டி மாட்டிக்கிச்சு."

திருவுடைக்குள் அசைவு நின்றது. சற்றுக் கழித்து முகம் வெளியே வந்தது, முடி கலைந்து.

"முட்டியா?"

"முட்டிதான், ஃபாதர்."

"அப்போ அந்த நானூறு பேரு?"

"அவங்க என்னைப் பாத்தாங்க. எப்பவும் பாப்பாங்க."

குருவானவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அறுநூறு பக்கமும் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் புரள்வது தெரிந்தது. "எழ முடியலன்னு யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே?"

"பூசை நடுவுல எப்படிக் கூப்பிடறது?"

"அவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

ரசமட்டம் தலையைச் சொறிந்தார். "'ஆண்டவரே, தூக்கி விடுங்க, ஆண்டவரே, தூக்கி விடுங்க'ன்னு சொல்லிட்டே இருந்தேன். வேற எதுவும் தோணல."

"எவ்வளவு நேரம்?"

"எழுந்திருக்கற வரைக்கும்."

"அரை மணி நேரம். அத்தனை நேரமும் அதை மட்டுமா சொன்னீங்க?" குருவானவர் அவரையே பார்த்தார். "எனக்கு அஞ்சு நிமிஷம் செபத்துல மனசு நின்னா அன்னிக்குப் பெரிய விஷயம்."

"ஆனா தூக்கி விட்டது என் பொண்டாட்டிதான், ஃபாதர்."

குருவானவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார், மெலிந்த உடம்பு, அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனிமே?" என்றார்.

"டாக்டர் மண்டியே போடக்கூடாதுன்னுட்டாரு. உக்காந்துட்டு என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. நீங்க அதெல்லாம் படிச்சவரு."

குருவானவர் யோசித்தார். அப்படிப்பட்ட மனிதரைப் பற்றி அவருடைய ஆய்வில் ஒன்றும் இல்லை போலிருந்தது. "நான் மண்டி போடறதைப் பத்தி நாப்பது பக்கம் எழுதியிருக்கேன்" என்றார் கடைசியில். "போட முடியாதவங்களைப் பத்தி எழுதல. நீங்க போய் உக்காருங்க. என்ன வருதுன்னு பாத்துச் சொல்லுங்க. நிஜமாத்தான் கேக்கறேன்." எழுந்தார். "மைக் முன்னாடி நீங்க வர வேண்டாம். நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன்."

"இல்ல ஃபாதர். தலையணை எல்லாம் கொண்டுவந்திருக்காங்க. நான்தான் சொல்லணும்."

பிரசங்கம் முடிந்ததும் அவரை அழைத்தார்கள். மைக் அவர் உயரத்துக்கு இல்லை. கழுத்தை வளைத்துச் சொன்னார். "போன வாரம் நான் எழாததுக்குக் காரணம் என் முட்டி. மாட்டிக்கிச்சு. அது தெரியாம நீங்களும் கஷ்டப்பட்டீங்க. மன்னிச்சுக்குங்க. இனிமே நான் மண்டி போட மாட்டேன், டாக்டர் கூடாதுன்னுட்டாரு. உக்காந்துதான் இருப்பேன். அதனால..." நிறுத்தினார். பதினேழு வருடப் பதவியை இறக்கி வைப்பது சுலபமாக இல்லை. "அதனால என்னைப் பாக்காதீங்க."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பல பேர் சேர்ந்துகொண்டார்கள். தலையணைக்காரர் ஒருவர் தலையணையைக் காலுக்கடியில் தள்ளினார். போன வாரம் கைகொடுத்துக்கொண்ட அண்ணனும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமா என்று தெரியாமல் முன்னால் பார்த்தார்கள். ரசமட்டம் இறங்கி வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். காது சிவந்திருந்தது.

தூயவர் பாடல் முடிந்தது.

அவர் உட்கார்ந்தே இருந்தார். சொன்னபடி யாரும் அவரைப் பார்க்காமல் இல்லை. பின்கழுத்தில் நானூறு பார்வைகளும் வந்து நிற்பது தெரிந்தது. வழக்கமாகக் கேட்கும் ஒரே தடதடப்பு வரவில்லை. பிறகு எங்கோ நாலாவது வரிசைப் பக்கம் ஒரு பலகை கிறீச்சிட்டது. கூடவே வந்த பெருமூச்சு மனைவியுடையது என்று அவருக்குத் தெரியும். அடுத்து இன்னொரு பலகை. அப்புறம் வாசல் பக்கம் இரண்டு. ஒருவர் பாதியில் நின்று யோசித்து முடித்தது போல ஒரு சத்தம். அங்கொன்றும் இங்கொன்றுமாக, வரிசையில்லாமல், அரை நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அவருடைய ஆள் யாராவது இப்படித் தரை போட்டிருந்தால் பெயர்த்து எடுக்கச் சொல்லியிருப்பார். இப்போது எடுக்கச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

பின்னால் கடைக்காரரின் மூச்சு காதருகே வந்தது. மண்டியிட்டுவிட்டார் போலிருக்கிறது.

"ஏங்க," என்று கிசுகிசுத்தார், "இதுல எப்ப எழுந்துக்கணும்?"

ரசமட்டம் பதில் சொல்ல வாயெடுத்தார். எழ வேண்டிய நேரம் முழங்காலுக்குத்தான் தெரியும்; அதற்கு முன்னால் பீடத்தில் என்ன சொல்வார்கள் என்று அவருக்கு ஞாபகம் இல்லை. பதினேழு வருடத்தில் அந்த வார்த்தைகளை அவர் ஒருமுறைகூடக் கவனித்ததில்லை.

"தெரியலைங்க" என்றார். "இருங்க, கேப்போம்."

குருவானவர் அப்பத்தைக் கையில் எடுத்திருந்தார். ரசமட்டம் பெஞ்சின் விளிம்புக்கு நகர்ந்து, வலது காலை நீட்டிவைத்து, கேட்க ஆரம்பித்தார்.